ஒரு முகவரிக்கு ஒரு பதிவு

சுஜீவன் அந்தப் பேச்சை அன்றோடு பத்தாவது தடவையாகப் பேசிக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும், எந்த இடத்தில் போனைத் தூக்கித் திரையைப் படம் பிடிக்கும், எந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கொழும்பில் நாலு, கண்டியில் இரண்டு, யாழ்ப்பாணத்தில் ஒன்று, முகம் தெரியாதவர்களுக்கு இணையத்தில் இரண்டு. 'இணையச் சேவை ஒன்றைக் கட்டி, பயமில்லாமல் வெளியிடுவது எப்படி' என்பது தலைப்பு. பயமில்லாமல் என்ற சொல்லை அவன்தான் சேர்த்தான். ஆள் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தவர்கள் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருவதில்லை, அதனால் இதுவரை தப்பித்துக்கொண்டிருந்தான்.

பத்தாவது தடவை ஹட்டனில் என்று சொன்னபோதே மறுத்திருக்க வேண்டும். "உங்க ஊர்தானே சுஜீவன், ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்று மேலாளர் ஜெயகாந்தன் சொல்லிவிட்டார். அவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கம்பனிக் கோப்பில் சுஜீவனின் விலாசமாக ஹட்டன் நகரத்து வீதி ஒன்றும் வீட்டு இலக்கமும் இருப்பதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். அது டோரீன் அத்தையின் வீடு. பள்ளிக்கூட நாட்களில் அங்கே தங்கிப் படித்ததோடு சரி. அவன் பிறந்தது டயகம பக்கம், பிரான்வூட் தோட்டத்து மேற்பிரிவில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டி வாழும் ஒரு லயத்தின் எட்டாம் காம்பராவில், ஒற்றை அறையில். அப்பா மத்தியாஸ் இன்னமும் அதே காம்பராவில்தான் இருக்கிறார்.

மேற்பிரிவில் நாலு லயங்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன, அத்தனைக்கும் ஒரே விலாசம்: பிரான்வூட் தோட்டம், மேற்பிரிவு, டயகம. வீட்டு இலக்கமும் கிடையாது, வீதிப் பெயரும் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், பேரைப் பார்த்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். இது மலையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுஜீவனுக்கும் நன்றாகத் தெரியும். அவன் மாட்டிக்கொண்டிருந்ததும் அதனால்தான்.

அவன் பேசிக்கொண்டிருந்த சேவை, மண்சரிவு எச்சரிக்கைக்கானது. தோட்டங்களில் மழைமானி வைத்திருக்கிறார்கள். அளவு தாண்டியதும் அது இணையம் வழியாகச் சொல்லும், சேவை உடனே அந்தப் பிரிவில் பதிந்தவர்களின் போனுக்கெல்லாம் வெளியேறச் சொல்லிச் செய்தி அனுப்பும். போன வருடம் இதற்குத் திட்டம் போட்ட கூட்டத்தில், ஒரே வீட்டார் இரண்டு மூன்று தடவை பதியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தது. "வீட்டுக்கு ஒரு முகவரி, ஒரு முகவரிக்கு ஒரு பதிவு. சரிதானே சுஜீவன்? நீங்க அந்தப் பக்கம்தானே?" என்று ஜெயகாந்தன் கேட்டார். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் மேசையில் யாரோ ஒருத்தன் தோட்டத்து ஆட்களைக் கேலி செய்து தோட்டக்காட்டான் பகிடி ஒன்று சொல்லி, எல்லோரும் சிரித்து, சுஜீவனும் சேர்ந்து சிரித்திருந்தான். சிரித்த வாயால் எப்படிச் சொல்வது? "சரிதான் சேர்" என்று சொன்னான். அவனே அந்த விதியை எழுதியும் வைத்தான்.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு விலாசம் தேவைப்பட்டபோது, கை தன் பாட்டுக்கு மேற்பிரிவு விலாசத்தை அடித்துவிட்டது. போன் இலக்கம் அவனுடையது. அந்தப் பதிவு அழியாமல் அப்படியே உள்ளே கிடந்தது. அதற்குப் பிறகு மேற்பிரிவிலிருந்து பதிந்த ஒவ்வொருவருக்கும், 'உங்கள் முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது. நன்றி' என்று பதில் போனது.

மூன்று கிழமைக்கு முன்னால் அப்பா போன் பண்ணினார். "தம்பி, ஒங்க கம்பனி மெசேஜ் வந்துருச்சு. ஏற்கனவே பதிவாயிருக்காம். நம்ம மேற்பிரிவு நல்லமுத்து தலைவருக்கும் அப்புடியேதான் வந்திருக்கு. எல்லாரும் சந்தோசமா இருக்காங்க, இனி மழைக்குப் பயமில்லேன்னு." சுஜீவன் போனை வைத்ததும் மடிக்கணினியைத் திறந்தான்.

திருத்துவது பெரிய வேலை இல்லை, நாலு வரிதான். ஆனால் அவர்கள் கம்பனியில் எந்த மாற்றத்தையும் ஒருவர் தனியாகச் செய்துவிட முடியாது. ஏன் மாற்றுகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அதை இன்னொருவர் வாசித்து அனுமதி தர வேண்டும். வாசிப்பவர் ஜெயகாந்தன். நாலு வரியை அன்று இரவே எழுதிவிட்டான். அந்த ஒரு வரியைத்தான் மூன்று கிழமையாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தான். தெரிந்தே எப்படி விட்டாய் என்று கேட்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று வந்து, இப்போது சனிக்கிழமை. திங்கட்கிழமை அந்தச் சேவை மலையகம் முழுவதற்கும் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது பொய்க் காரணம் யோசித்துக்கொள்ளலாம், பதினொன்றேகால் ரயிலைப் பிடித்துவிட்டால் போதும் என்றுதான் காலையில் மண்டபத்துப் படி ஏறினான்.

பத்தரைக்கு வினோஜன் மேடைப் பக்கம் குனிந்து வந்து காதில் ஓதினான். ஹட்டனில் கணினி வகுப்பு நடத்தும் இந்த வினோஜன்தான் கூட்டத்தை ஏற்பாடு செய்தவன்.

"அண்ணே, வட்டவளைக்கிட்ட ரயில் பாதையில மண்ணு விழுந்திருச்சாம். அடுத்துப் பேச வேண்டியவரு ரயில்லயே மாட்டிக்கிட்டாரு. நீங்களே இன்னும் ஒரு மணித்தியாலம் இழுத்துக்கங்கண்ணே."

"எனக்குப் பதினொன்றேகால் ரயில் இருக்கு, வினோஜன்."

"எந்த ரயிலுண்ணே? இன்னைக்கி ஒன்னும் ஓடாது."

அதோடு தப்பிப் போகும் கதவு அடைபட்டது. கடைத்தெரு ஹோட்டல் ஒன்றின் மேல்மாடி மண்டபம் அது. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்துக்கு மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக் கத்த வேண்டியிருந்தது. அறுபது பேர் இருந்தார்கள், எல்லாம் இருபது இருபத்தைந்து வயது. நுவரெலியா, தலவாக்கலை, டயகம, வட்டவளை என்று அத்தனை திசையிலிருந்தும் நனைந்துகொண்டு வந்தவர்கள். இதில் பாதிப் பேர் லயத்துப் பிள்ளைகள் என்பது அவனுக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தன்னை அவர்களுக்குத் தெரியாது என்பதில்தான் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டதற்காக அவன்மேலேயே அவனுக்கு எரிச்சலும் வந்தது.

இழுக்க ஆரம்பித்தான். சேவையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கட்டுங்கள், ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் வெளியிடாதீர்கள், முதலில் நூறு பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். புதியதில் பிழை வந்தால் பழையதற்குத் திரும்பும் வழியை முதலே போட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எதையும் வெளியிடாதீர்கள், சனி ஞாயிறு லீவு பறிபோகும். இந்த இடத்தில் சிரிப்பார்கள், சிரித்தார்கள். ஏழாவது திரை வந்தது. 'பிழையைக் கண்டால் முதலில் சொல்லுங்கள். ஒளிக்க வேண்டாம்.' பெரிய எழுத்தில் அவனே போட்டது. பையன்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அவன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தான்.

முடிந்தும் நேரம் மிச்சம் இருந்தது. முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த ஜெயகாந்தன், "சுஜீவன், உண்மையான பக்கத்தையே திறந்து காட்டுங்க. மழையும் பெய்யுது, பிள்ளைகள் நேரிலே பார்க்கட்டும்" என்றார். வழக்கமாக அவன் காட்டுவது மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பக்கம். மேலதிகாரி சொன்ன பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது? திறந்தான். மலைநாட்டு வரைபடம் வந்தது. பரீட்சார்த்தமாக மழைமானி வைத்த ஏழு தோட்டங்கள் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. டயகம பக்கத்துப் புள்ளி மட்டும், மழை அளவை நெருங்கியதால், மஞ்சளாக மாறியிருந்தது. அதைப் பார்க்காதவன் போல மற்றப் பக்கம் திரும்பி நின்று, "கேள்வி இருந்தால் கேளுங்க" என்றான்.

நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சிவப்பு மழைக்கோட்டை மடியில் சுருட்டி வைத்திருந்தவள்.

"என் பேரு தனுஷிகா, சேர். வீட்டிலிருந்துதான் வேலை செய்றேன். எங்க அம்மா போன மாசம் இதுல பதிஞ்சாங்க. முகவரி ஏற்கனவே பதிவாகியிருக்குன்னு பதில் வந்துச்சு. எங்க லயத்துல எல்லாருக்கும் அதேதான். அப்ப மழை கூடுனா எத்தன போனுக்குச் செய்தி வரும்?"

ஒன்பது கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி. கொழும்பில் யாருக்கு அது தோன்றும்? "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டான், நேரத்தைக் கடத்தத்தான் கேட்டான்.

"பிரான்வூட், சேர். மேற்பிரிவு."

அவன் ஊரைவிட்டுப் போனபோது ஐந்து ஆறு வயதுப் பிள்ளையாக இருந்திருப்பாள். அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. "நல்ல கேள்வி" என்றான். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மழுப்புவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் கைவந்த கலை. "அது கொஞ்சம் விரிவா விளக்க வேண்டிய விஷயம். டீ நேரத்தில தனியாப் பேசுவோம்."

அவள் உட்காரவில்லை. "எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க, சேர்."

அந்த நேரம் பார்த்துத் திரையில் மஞ்சள் புள்ளி சிவப்பானது. பக்கத்தில் தானாக ஒரு பெட்டி விரிந்தது. 'பிரான்வூட், மேற்பிரிவு. மழை அளவு தாண்டியது. வெளியேறும்படி செய்தி அனுப்பப்பட்டது.' சுஜீவனின் காற்சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

மண்டபம் கைதட்டியது. இரண்டு விநாடி ஆகவில்லை, செய்தி போய்விட்டதே! ஜெயகாந்தன் எழுந்து நின்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தட்டினார். வினோஜன் விசில் அடித்தான். தனுஷிகா மட்டும் தட்டவில்லை. அவள் பெட்டியின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். 'செய்தி பெற்றவர்கள்: 1.'

கைதட்டல் ஓய எவ்வளவு நேரம் ஆனது என்று பிற்பாடு அவனால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை. லயத்துக்குப் பின்பக்கத்து மண்மேடு கண்ணில் வந்தது. அதன் அடியிலேதான் பிள்ளை மடுவம், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். சனிக்கிழமையும் வேலை உண்டு. போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தான். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. அவர் போன் ஜன்னல் ஆணியில் ஒரு பையில் தொங்கும், அங்கேதான் சிக்னல் வரும். அவர் அடுப்படியில் நின்றால் இந்த மழையில் மணி கேட்காது. மறுபடியும் அடித்தான். கூட்டம் இதுவும் செய்முறை விளக்கம்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போதும் வாயை மூடிக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே போய், யாருக்காவது ரகசியமாகப் போன் பண்ணலாம். அந்த எண்ணமும் அவனுக்கு வந்தது. ஆனால் யாருக்குப் பண்ணுவது? பதினைந்து வருடத்தில் மேற்பிரிவில் அப்பாவைத் தவிர ஒருத்தர் இலக்கம்கூட அவனிடம் இல்லை. எல்லாவற்றையும் அவனே அறுத்துக்கொண்டு வந்தவன்தானே.

மைக்கை எடுத்தான்.

"கைதட்டாதீங்க. அந்த ஒன்னு என் போன்தான்." மேடைத் தமிழ் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நாப்பத்திரண்டு குடும்பம் இருக்காங்க. ஒருத்தருக்கும் போகல. எங்கப்பா அங்கதான் இருக்காங்க, எட்டாங் காம்பராவுல, போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. டயகம பக்கத்து ஆளுங்க யாரு இருக்கீங்களோ, தெரிஞ்சவங்களுக்கு இப்பவே போன் அடிங்க. வெளிய வரச் சொல்லுங்க. மடுவத்துப் புள்ளைங்கள மொதல்ல தூக்கச் சொல்லுங்க."

தனுஷிகா கத்தினாள். "அம்மா போன்ல லைன் இல்ல! நல்லமுத்து தலைவர் நம்பர் யார்கிட்ட இருக்கு?" யாரோ ஒருவன் கதிரையின் மேலேயே ஏறி நின்று இலக்கம் சொன்னான். அறுபது பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்கள். மாமா, சித்தி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கும் கங்காணி, டயகமயில் கடை வைத்திருக்கும் மச்சான் என்று யார் யாரையோ கூப்பிட்டார்கள். பயமில்லாமல் வெளியிடுவது எப்படி என்று கேட்க வந்த பிள்ளைகள் பயத்தில் அலறிக்கொண்டிருந்தார்கள். "கோயில் மைக்குல சொல்லச் சொல்லு!" என்று ஒரு குரல் கேட்டது. "சொல்லியாச்சு, தலைவர் கோயிலுக்கு ஓடிட்டாரு!" என்று தனுஷிகா திருப்பிக் கத்தினாள். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். மழை இரைச்சலுக்கு நடுவில், மேற்பிரிவு மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் நல்லமுத்து, எல்லோரும் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க, சாமானை விடுங்க, புள்ளைங்களத் தூக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது தேய்ந்து தேய்ந்து கேட்டது.

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயகாந்தன் மேடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சுஜீவன், உங்க வீடு ஹட்டன் டவுனில்தானே?"

"அது எங்க அத்த வீடு, சேர். நான் லயத்துல பொறந்தவன். ஒரு முகவரிக்கு ஒரு பதிவுன்னு நீங்க கேட்டப்போ, அது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

"ஏன்?"

கை சும்மா இருக்க முடியாமல் மடிக்கணினிப் பக்கம் போனான். மூன்று கிழமைக்கு முன் எழுதி வைத்த நாலு வரியைத் திறந்தான். பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது, மூட வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் மாற்றுகிறீர்கள் என்று பெட்டி கேட்டது. 'எங்கள் லயங்களில் நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு ஒரே விலாசம்' என்று அடித்தான். எத்தனை நாள் தூக்கத்தைத் தின்ற வரி, அடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜெயகாந்தன் திரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தன் போனிலிருந்தே அனுமதி கொடுத்தார். "திங்கட்கிழமை வெளியிட மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, வெட்கத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தப் பகிடிக்குச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

விதி மாறியது. திரையில் அந்த 1 மட்டும் மாறவில்லை. பதிவுக்கு ஏற்காமல் திருப்பிவிட்ட போன் இலக்கங்களைச் சேவை எங்கும் வைத்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு குடும்பமும் இனி முதலிலிருந்து பதிய வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட அவன் போன் அடித்தது. அப்பா. மழைச் சத்தத்தில் தன் காதுக்குக் கேட்காது என்று ஒலியைக் கூட்டி வைத்தான், மண்டபமே சுற்றி நின்று கேட்டது.

"தம்பி, பயப்புடாத. எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். நாங்க வந்து கால் மணித்தியாலத்துல பின்னால மேடு சரிஞ்சிருச்சுப்பா. மடுவம் போச்சு. நம்ம காம்பரா செவுரும் போச்சு. ஆனா ஒரு உசுருக்குச் சேதமில்ல."

தனுஷிகா அழுதுகொண்டே பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள். சுஜீவன் மேடை விளிம்பில் உட்கார்ந்தான்.

"ஒன் மிசின்தானே தம்பி தலைவருக்குச் சொல்லுச்சு? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எம் மகன் செஞ்சதுன்னு. இங்க ஒவ்வொருத்தரும் ஒன்னைய கையெடுத்துக் கும்புடுறாங்க."

'ஆமாப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவர் சந்தோசத்தோடு இருப்பார். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அவனைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"இல்லப்பா. அது ஒங்க யாருக்கும் சொல்லல. எனக்கு மட்டுந்தான் செய்தி அனுப்புச்சு."

மத்தியாஸுக்கு இந்த இணையச் சங்கதி எல்லாம் விளங்காது. விளங்காததை நேராகக் கேட்டுவிடுவது அவர் வழக்கம்.

"ஒனக்கா? ஒனக்கு எதுக்கு தம்பி அனுப்புது? நீதான் இங்க இல்லயே."